ஹைஸ்கூல் முடிக்கும் பிள்ளைக்கு என்ன பரிசு கொடுக்கலாம்? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

நாம் ஊரில் பிளஸ் டூ முடித்தபோது யாரும் பரிசு என்று பெரிதாக எதையும் கொடுக்கவில்லை. ரிசல்ட் வந்தது, கோயிலில் அர்ச்சனை, அக்கம்பக்கத்துக்குச் சாக்லேட், அடுத்த நாளே கவுன்சலிங் கவலை. இங்கே அப்படி இல்லை. ஜூன் மாதம் எங்கள் நியூஜெர்சித் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு புல்தரையில் ஒரு பலகை நிற்கும். அதில் அங்கியும் சதுரத் தொப்பியும் போட்ட பிள்ளையின் படம், கீழே பள்ளியின் பெயரும் ஆண்டும். சனி ஞாயிறுகளில் பின்கட்டில் பார்ட்டி. பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதை ஒரு வாசலைத் தாண்டுவதாகவே இந்த ஊர் பார்க்கிறது. ஆகஸ்ட்டில் பிள்ளை வீட்டைவிட்டுப் போகிறது, பெரும்பாலும் திரும்பி வந்து நம்மோடு முழுதாக இருக்கப்போவதில்லை. பரிசும் அதை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

என் மகள் 2021-இல் முடித்தாள், மகன் 2024-இல். முதல் தடவை தெரியாமல் செய்ததை இரண்டாவது தடவை திருத்திக்கொண்டோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் காலக்கணக்கு

பட்டமளிப்பு விழாவின் தேதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ், ஜார்ஜியா பக்கம் மே கடைசியிலேயே முடிந்துவிடும். நியூயார்க், நியூஜெர்சியில் ஜூன் பிற்பகுதி வரை போகும். அதற்கு வெகு முன்பே பள்ளியிலிருந்து ஆர்டர் படிவங்கள் வரத் தொடங்கும். அங்கி, தொப்பி, இயர்புக் (அந்த வருட மாணவர் படங்கள் அடங்கிய புத்தகம்), கிளாஸ் ரிங், அழைப்பிதழ் எல்லாம் அதில் இருக்கும். அங்கியும் தொப்பியும் விழாவுக்குக் கட்டாயம். இயர்புக் வாங்கிவிடுங்கள். நண்பர்கள் அதில் கையெழுத்துப் போடுவதற்காகவே கடைசி வாரம் முழுக்கப் பிள்ளைகள் அதைச் சுமந்து திரிவார்கள். மோதிரம் மட்டும் பிள்ளையைக் கேட்டுச் செய்யுங்கள். விலை அதிகம், பலர் ஒரு வருடத்துக்கு மேல் போடுவதில்லை.

இவையெல்லாம் செலவுக் கணக்கில் சேரும், பரிசுக் கணக்கில் சேராது. இரண்டையும் தனித்தனியே எழுதிக்கொண்டால் குழப்பம் இருக்காது.

எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஒரு வீட்டில் கார் கொடுப்பார்கள், பக்கத்து வீட்டில் ஒரு வாழ்த்து அட்டையும் 50 டாலரும் கொடுப்பார்கள். இரண்டும் இங்கே இயல்பான விஷயம். பிள்ளையின் நண்பன் வீட்டைப் பார்த்து உங்கள் தொகையை முடிவு செய்யாதீர்கள்.

பர்ஸைத் திறக்கும் முன் மூன்று கேள்வி

பிள்ளை எங்கே போகிறது? வீட்டிலிருந்தபடியே கம்யூனிட்டி காலேஜ் போகும் பிள்ளைக்கும், டல்லாஸிலிருந்து மிச்சிகனுக்குப் போகும் பிள்ளைக்கும் தேவை வேறு. இரண்டாவது பிள்ளைக்கு நல்ல குளிர்கால ஜாக்கெட்டும் பூட்ஸுமே பெரிய பரிசு. டெக்சாஸில் வளர்ந்த பிள்ளைக்குப் பனியில் நடக்க என்ன வேண்டும் என்பதே தெரியாது.

உங்கள் விசா நிலை என்ன? இதை யாரும் பரிசோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஆனால் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கும் பிள்ளை இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. மத்திய அரசின் கல்வி உதவியும் கிடைக்காது. 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கோ வேறு நிலைக்கோ மாற வேண்டியிருக்கும். அந்த வீட்டில் கையில் இருக்கும் பணம் படிப்புக்கும் வக்கீல் கட்டணத்துக்கும் தேவைப்படும். அப்படிப்பட்ட வீட்டில் ஆடம்பரப் பரிசு வேண்டியதில்லை. நிலைமையைப் பிள்ளையிடம் உட்கார்ந்து தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

மூன்றாவது, வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? ஆமாம் என்றால் பிள்ளையின் பெயரில் பணம் போடுவதற்கு முன் கீழே பணத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

பரிசை இரண்டாகப் பிரியுங்கள்

விழா நாளில் கையில் கொடுக்க ஒன்று, ஆகஸ்ட்டில் காலேஜுக்குக் கிளம்பும்போது ஒன்று. நான் கற்றுக்கொண்டதில் மிகவும் உபயோகமானது இதுதான். விழா அன்று கொடுப்பது சின்னதாக இருக்கட்டும், ஆனால் வைத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும். ஒரு கைக்கடிகாரம், நல்ல பேனா, ஒரு கடிதம். பெரிய செலவு எதுவானாலும் ஆகஸ்ட்டுக்குத் தள்ளிவையுங்கள். அதற்குள் என்ன வேண்டும் என்பது காலேஜிலிருந்தே தெரிந்துவிடும். காரணம் அடுத்து வருகிறது.

லேப்டாப்

மகளுக்கு மே மாதமே ஒரு விலையுயர்ந்த மேக்புக் வாங்கி, பேப்பர் சுற்றி, விழா அன்று இரவு கொடுத்தோம். அவளுக்கு ஒரே சந்தோஷம். ஜூலையில் அவள் சேர்ந்த மெக்கானிக்கல் பிரிவிலிருந்து பரிந்துரைப் பட்டியல் வந்தது. விண்டோஸ் கணினி, இவ்வளவு மெமரி, தனி கிராஃபிக்ஸ் கார்டு என்று போட்டிருந்தார்கள். பொறியியல் வரைபடத்துக்குப் பரவலாகப் பயன்படும் சாலிட்வொர்க்ஸ் மேக்கில் நேரடியாக ஓடாது. திருப்பிக் கொடுக்கும் கெடுவும் தாண்டிவிட்டது. முதல் வருடம் முழுக்க லேப் கணினிக்காக இரவில் வரிசையில் காத்திருந்தாள். அந்தக் குழந்தை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனசில் கிடக்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். விழா அன்று ஒரு அட்டையில் "லேப்டாப், உனக்குப் பிடித்தது, இத்தனை டாலர் வரை" என்று எழுதிக் கொடுங்கள். காலேஜ் பிரிவின் இணையப் பக்கத்தில் கணினிக்கான தேவை வெளியாகியிருக்கும், இல்லையென்றால் புது மாணவருக்கான அறிமுகக் கூட்டமான ஓரியன்டேஷனில் கேட்கலாம். அப்புறம் வாங்கலாம். கோடையில் மாணவர் விலையும் சலுகைகளும் எப்படியும் வரும். சில மாநிலங்களில் பள்ளி திறக்கும் முன் சில நாள் விற்பனை வரி இல்லாமல் இருக்கும். ஆனால் அதில் கணினி சேருமா, எவ்வளவு விலை வரை சேரும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் மாநில வரித்துறைப் பக்கத்தில் பாருங்கள்.

வாங்கும்போது கீழே விழுதல், தண்ணீர் கொட்டுதல் இரண்டுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். டார்ம் (காலேஜ் விடுதி) அறையில் காப்பிக் கோப்பையும் லேப்டாப்பும் ஒரே மேஜையில்தான் இருக்கும்.

படிப்புச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கான 529 பிளானில் சேமித்திருக்கிறீர்களா? காலேஜில் படிப்பவர் உபயோகிக்கும் கணினியை அந்தப் பணத்தில் வரியில்லாமல் வாங்கலாம். ரசீதை வைத்திருங்கள். செலவு செய்த அதே காலண்டர் வருடத்துக்குள் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிடுங்கள்.

பணமாகக் கொடுப்பது

பணம் கொடுப்பதில் தவறே இல்லை. பிள்ளைகளைக் கேட்டால் பாதிப்பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் எந்தக் கணக்கில் போடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரில் இருக்கும் சேமிப்பில் 20 சதவீதம் "படிப்புக்குக் கொடுக்க முடியும்" என்று கணக்கிடுவார்கள். பெற்றோர் பெயரில் இருந்தால் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான். 5,000 டாலரைப் பிள்ளையின் கணக்கில் போட்டால் 1,000 டாலர் கணக்கில் வரும். அதுவே உங்கள் பெயரில் இருந்தால் 282 டாலருக்கு மேல் போகாது. ஃபாஃப்சா ஒவ்வொரு வருடமும் நிரப்ப வேண்டியது, எனவே இது ஒரு வருடத்தோடு முடியாது. தாத்தா பாட்டி ஊரிலிருந்து பெரிய தொகை கொடுக்க விரும்பினாலும் இதை மனதில் வையுங்கள். உதவிக்கு விண்ணப்பிக்காத குடும்பத்துக்கு இந்தக் கவலை இல்லை.

வேலை பார்த்துச் சம்பாதித்த பிள்ளையாக இருந்தால் என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் சிறந்த பரிசு ராத் ஐஆர்ஏ. இது ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. பதினெட்டு வயதில் ஓய்வுக்காலமா என்று கேட்பீர்கள். அந்த வயதில் போடுவதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. இன்று போடும் 1,000 டாலர் வருடம் 7 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு 65 வயதாகும்போது ஏறக்குறைய 24,000 ஆகியிருக்கும். சட்டப்படி எடுத்தால் அதற்கு வரி கிடையாது. போட்ட அசலை மட்டும் எப்போது வேண்டுமானாலும் வரியும் அபராதமும் இல்லாமல் எடுக்கலாம். ஃபாஃப்சாவிலும் இதன் இருப்பைச் சொத்தாகக் காட்ட வேண்டாம்.

நிபந்தனை இதுதான்: அந்த வருடம் பிள்ளை சம்பாதித்த தொகைக்கு மேல் போட முடியாது. மொத்த உச்சவரம்பு 2025-க்கு 7,000 டாலர், 2026-க்கு 7,500 டாலர். என் மகன் சீனியர் வருடம் (பன்னிரண்டாம் வகுப்பில்) நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக 2,400 டாலர் சம்பாதித்தான். அவன் காசை அவன் ஷூவுக்கும் சினிமாவுக்கும் செலவழித்துவிட்டான். அதே 2,400-ஐ நாங்கள் எங்கள் கையிலிருந்து அவன் பெயரில் ராத் கணக்கில் போட்டோம். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. பணம் யார் கையிலிருந்து வந்தது என்பதைப் பார்ப்பதில்லை, சம்பாத்தியம் இருந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். அவனையே பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைத் திறந்து, எந்த இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் நிதி) போடுவது என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். எச்-4 பிள்ளைக்கு வேலை அனுமதி இல்லாததால் இந்த வழி திறக்காது. அவர்களுக்கு உங்கள் பெயரிலேயே தனியாக ஒரு கணக்கு வைத்து, "இது உனக்கு" என்று சொல்லிவையுங்கள்.

கிரெடிட் கார்டு பற்றியும் ஒரு வார்த்தை. 2009-இல் வந்த சட்டப்படி 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் தன் பெயரில் கார்டு வாங்கத் தனக்கென்று வருமானம் காட்ட வேண்டும், இல்லையென்றால் 21 வயது நிறைந்த ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கார்டில் கூடுதல் உபயோகிப்பாளராகச் சேர்த்துவிடுவது எளிது. பில் நம்மிடம் வரும். நாம் ஒழுங்காகக் கட்டினால் பல வங்கிகளில் அந்த நல்ல பெயர் பிள்ளைக்கும் சேரும்.

தங்கம், கார்

மகளுக்குச் செயின் போட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். போடுங்கள், ஆனால் டார்முக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். கதவைப் பூட்டாமல் போகிற அறைத்தோழி இருப்பாள். வீட்டுக் காப்பீட்டிலும் நகைத் திருட்டுக்குத் தனியாக ஒரு குறைந்த உச்சவரம்பு இருப்பது வழக்கம்.

கார் வாங்கும் முன் காலேஜைக் கேளுங்கள். முதல் வருட மாணவர் கார் வைத்துக்கொள்ளப் பல இடங்களில் அனுமதி இல்லை. பதின்வயதுப் பிள்ளையைச் சேர்த்தால் காப்பீட்டுத் தொகையும் ஏறும்.

டார்முக்கான சாமான்கள்

உறவினர்கள் "என்ன வாங்கிக் கொடுக்கட்டும்?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். டார்ம் கட்டில்கள் பெரும்பாலும் ட்வின் எக்ஸ்எல். அகலம் 38 அங்குலம், நீளம் 80 அங்குலம். வீட்டில் இருக்கும் சாதா ட்வின் மெத்தை 75 அங்குலம்தான், அதற்கான விரிப்பு இதில் நுழையாது. எக்ஸ்எல் விரிப்பு இரண்டு செட், மெத்தை மேல் போடும் டாப்பர், குளியலறைக்குச் சாமான் கொண்டுபோகும் கூடை, பொதுக் குளியலறைக்கு ரப்பர் செருப்பு, நீளமான சார்ஜர் வயர். இவை கண்ணுக்கு எடுப்பாக இருக்காது, ஆனால் தினமும் உதவும்.

நம் வீட்டுப் பிள்ளைக்குக் குக்கரும் இண்டக்‌ஷன் அடுப்பும் கட்டிக்கொடுக்கும் முன் டார்மின் தடைப்பட்டியலைப் படியுங்கள். சுருள் தெரியும் அடுப்பு, மெழுகுவத்தி, ஊதுபத்தி எல்லாம் பெரும்பாலும் தடை. ரைஸ் குக்கரைச் சில காலேஜ் விடும், சில விடாது. குட்டி விளக்கு கொடுத்தனுப்ப ஆசைப்பட்டால் பேட்டரி விளக்காகக் கொடுங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய்க்கு யாரும் தடை போடுவதில்லை. என் மகன் கேட்டு வாங்கிப்போனது இட்லிப் பொடி மட்டும்தான், அறைத்தோழன் அதைப் பிரெட்டில் தடவிச் சாப்பிடுகிறானாம்.

ஊருக்கு ஒரு பயணம்

ஜூன் கடைசிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையே கிடைக்கும் ஆறேழு வாரம் பிள்ளைக்கு இனி கிடைக்காது. அடுத்த கோடையிலிருந்து இன்டர்ன்ஷிப், கோடை வகுப்பு, ரிசர்ச் என்று போய்விடும். நாம் கூடப் போகாமல், பிள்ளையை மட்டும் மூன்று வாரம் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். என் மகள் அப்படிப் போய்த் திருநெல்வேலியில் தங்கியிருந்தாள். ஆச்சியோடு சந்தைக்குப் போனாள், பேருந்தில் ஜன்னல் சீட்டுப் பிடித்தாள், கேஸ் புக் பண்ணக் கற்றுக்கொண்டாள். தட்டுத்தடுமாறிப் பேசிய தமிழ் திரும்பி வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் ஆச்சி இல்லை. அந்த டிக்கெட்டைவிட நல்ல பரிசை நாங்கள் அவளுக்குக் கொடுத்ததில்லை.

செய்வதானால் இரண்டு விஷயம் பாருங்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்குப் பதினாறு வயதுக்கு முன் எடுத்தது 5 வருடம்தான் செல்லும். அது முடிகிறதா என்று பார்த்து, 10 வருடத்துக்குச் செல்லும் புதியதை முன்கூட்டியே எடுங்கள். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தால் புதுப் பாஸ்போர்ட் விவரத்தை இணையத்தில் ஏற்றிவிடுங்கள். எச்-4 பிள்ளைக்கு விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தால் அந்தக் கோடையில் அனுப்ப வேண்டாம். தூதரகத்தில் தேதி கிடைக்காமல் காலேஜ் திறப்பு தவறிப்போகும் அபாயம் உண்டு.

பதினெட்டு வயதுக் காகிதங்கள்

இதைப் பரிசுப் பெட்டியில் வைக்க முடியாது, ஆனால் ஆகஸ்ட்டுக்கு முன் முடிக்க வேண்டிய வேலை. பெரும்பாலான மாநிலங்களில் பதினெட்டு வயதானவுடன் பிள்ளை சட்டப்படி மேஜர். பிள்ளையின் அனுமதி இல்லாமல் மருத்துவமனை நமக்கு விவரம் சொல்லத் தயங்கும். எங்கள் தோழி ஒருவரின் மகன் காய்ச்சலோடு வேறு மாநிலத்தில் மருத்துவமனையில் இருந்தபோது, அவர் போனில் இரண்டு மணிநேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. மருத்துவ விவரத்தை உங்களிடம் சொல்ல அனுமதிக்கும் ஹிப்பா படிவத்திலும், உடல்நிலை மோசமானால் மருத்துவ முடிவு எடுக்க உங்களை நியமிக்கும் ஹெல்த்கேர் பிராக்ஸியிலும் கையெழுத்து வாங்கி, படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். காலேஜ் மதிப்பெண்ணும் அப்படித்தான், பெரும்பாலும் பிள்ளை அனுமதி கொடுத்தால்தான் காட்டுவார்கள். அதைக் கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். நாங்கள் கேட்கவில்லை.

உங்கள் கையால் ஒன்று

காசில்லாத பரிசு, ஆனால் நேரம் எடுக்கும், அதனால் ஏப்ரலிலேயே தொடங்குங்கள். ஒரு நோட்டில் பிள்ளைக்குப் பிடித்த பத்துச் சமையல் குறிப்பை எழுதுங்கள். "தேவையான அளவு உப்பு" என்று எழுதாதீர்கள், அரைத் தேக்கரண்டி என்று எழுதுங்கள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று ஒரு முறை நீங்களே அளந்து பாருங்கள். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், தவறில்லை. கூடவே உங்கள் குரலில் தமிழில் பேசிப் பதிவு செய்து கொடுங்கள். அப்பாவையும் பேசச் சொல்லுங்கள். நம் ஊர் அப்பாக்கள் இதையெல்லாம் நேரில் சொல்லமாட்டார்கள். என் கணவர் கார் நிறுத்துமிடத்தில் தனியாக உட்கார்ந்து நான்கு நிமிடம் பேசிப் பதிவு செய்தார். மகன் அதை இன்னும் போனில் வைத்திருக்கிறான்.

விழா முடிந்த பிறகு

பார்ட்டிக்கு வருகிறவர்கள் அட்டைக்குள் பணம் வைத்துக் கொடுப்பார்கள். நம்மவர்கள் 51, 101 என்று ஒற்றை ரூபாய்க் கணக்கில் ஒரு டாலர் சேர்த்து வைப்பார்கள். அட்டைகளைப் பிரிக்கும்போதே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து யார் எவ்வளவு என்று மொய் நோட்டு மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். அது திருப்பிச் செய்வதற்கு மட்டும் அல்ல, இங்கே ஒவ்வொருவருக்கும் பிள்ளை தன் கையால் நன்றி அட்டை எழுதி அனுப்புவது வழக்கம். டீச்சர், கோச், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் போக வேண்டும். என்ன கொடுத்தார்கள், அதை என்ன செய்யப்போகிறேன் என்று இரண்டு வரி போதும். அட்டைக் கட்டும் தபால்தலையும் வாங்கி வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஐந்து என்று ஜூலை பாதிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் வந்துவிட்டால் பெட்டி கட்டும் அவசரத்தில் அது நடக்காது.